அரை ஷிப்டுக் கூலியை முதலில் கொடுங்கள்

ஏழைகளுக்கு வேலை கிடைக்காமல் போவதற்குத் தொழிலாளர் சட்டங்களே காரணம் என்று திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவர் ஒரு சிறு வெளியீடு எழுதியிருக்கிறார். மடத்துக்குளம், உடுமலைப் பக்கத்து மில்களில் கைமாறிக் கைமாறி அது எங்கள் ஊர் கொமரலிங்கத்துக்கும் வந்து சேர்ந்தது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் சொல்வதையே இன்னும் பலர் மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பதில் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

அவருடைய வாதத்தை அவர் வைத்த வரிசையிலேயே தருகிறேன். 2023 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய 12 மணி நேர வேலைத் திருத்தத்தைத் தமிழக அரசு தொழிற்சங்கங்களுக்குப் பயந்து திரும்பப் பெற்றது. கிராமத்துப் பெண்களுக்கு வர இருந்த வேலை அதனால் வராமல் போயிற்று. தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிகளை ஆள் எடுக்க விடாமல் மிரட்டுகிறது. இலவசப் பேருந்தும் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகையும் நூறு நாள் வேலையும் உள்ளூர்க்காரர்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டன. அதனால்தான் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மாநில அரசு சட்டம் போட்டு இவற்றை நீக்கினால் ஏழைக்கு வேலைக்கான வழி தானாகத் திறக்கும்.

இதில் ஒரு வரிகூட எங்கள் ஊர்ப் பெண்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போகும் வழியைப் பார்த்து எழுதப்பட்டதில்லை.

12 மணி நேரத்தில் தொடங்குகிறேன். தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்த) மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளியேறின. மூன்றே நாளில் தொழிற்சங்கங்களோடு பேசிவிட்டு அரசு அதை நிறுத்தி வைத்தது. மே 1 அன்று சென்னை சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923-இல். அதற்கு அன்றோடு நூறு ஆண்டு. வெளியீட்டாளர் இதைச் சரணாகதி என்கிறார். மசோதாவை அவர் படித்திருந்தால் அந்தச் சொல்லைப் போட்டிருக்கமாட்டார். படித்துவிட்டுத்தான் போட்டார் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

மசோதா தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. அரசு விரும்பினால் எந்தத் தொழிற்சாலைக்கும், எந்த வகைத் தொழிற்சாலைக்கும் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுக்கலாம் என்றது அது. 51 வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு. 52 வார விடுமுறை. 54 ஒரு நாள் வேலையின் வரம்பு. 55 இடைவேளை. 56 ஒரு நாள் வேலை காலையில் தொடங்கி எவ்வளவு நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பது. 59 மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நாலு நாள் வேலை மூன்று நாள் விடுப்பு, விரும்புகிறவர்களுக்கு மட்டும், மின்னணு, தோல் அல்லாத காலணி போன்ற சில தொழில்களுக்கு மட்டும் என்று அமைச்சர்கள் விளக்கம் சொன்னார்கள். விளக்கம் பேச்சோடு போய்விடும். சட்டப் புத்தகத்தில் நிற்கப்போவது எழுத்து. அந்த எழுத்தில் வார வரம்பும் இரட்டைக் கூலியும் விலக்குப் பட்டியலிலேயே இருந்தன. எந்த நிபந்தனையோடு விலக்குக் கொடுப்பது என்பது அன்றன்றைக்கு இருக்கும் அரசின் கையில்.

திருப்பூருக்கு 12 மணி நேர வேலை புதிதா? பனியன் கம்பெனி வாசலில் நிற்கும் எவரைக் கேட்டாலும் தெரியும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. அதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். எத்தனையோ கம்பெனிகளில் அதுதான் வாடிக்கையான ஒரு நாள். எட்டு மணி நேரத்தோடு கிளம்புகிற, உதவி வேலை பார்க்கும் கைமடிப் பெண்ணை மேஸ்திரி முறைத்துப் பார்ப்பார். அடுத்த வாரம் அவளுக்கு வேலை இருக்குமா என்பது சந்தேகம்.

ஒன்றரை ஷிப்ட் என்றால் பெரும்பாலான இடங்களில் ஒன்றரைக் கூலி. சட்டம் சொல்வது அதை அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 60 ரூபாய். வாரம் ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் 72 மணி நேரம். முதல் 48 மணி நேரத்துக்கு 2,880 ரூபாய். மீதி 24 மணி நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி, அதுவும் 2,880. மொத்தம் 5,760 வர வேண்டும். ஒன்றரைக் கூலிக் கணக்கில் அவள் கைக்கு வருவது 4,320. வாரத்துக்கு 1,440 ரூபாய், மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஆறாயிரம், அவள் உழைப்பில் முதலாளி பிடித்துக்கொள்கிற பணம். வேலை தருவதற்குத் தடையாக இருக்கிறது என்று வெளியீட்டாளர் சொல்லும் சட்டம் இந்த ஆறாயிரத்தைத்தான் அவளுக்குக் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்காமலே பழகிவிட்டவர்கள், கொடுக்க வேண்டும் என்ற விதியும் இருக்கக் கூடாது என்கிறார்கள்.

வார வரம்பு இருக்கிறபோது தினசரி வரம்பு எதற்கு என்று ஒரு கேள்வியை அவர் புத்திசாலித்தனமாக எழுப்புகிறார். ஒரு பெண் தொழிலாளி தன் கண்ணால் சரிபார்க்கக் கூடிய வரம்பு அது ஒன்றுதான். சுவரில் கடிகாரம் இருக்கிறது. இத்தனை மணிக்கு மேல் தாண்டியது இரட்டைக் கூலி நேரம் என்று அவளே சொல்லிவிடலாம். வாரக் கணக்கு பதிவேட்டில் இருக்கிறது. பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது. பையர் சார்பில் ஆடிட் வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு பதிவேடும், கூலி போட இன்னொரு நோட்டும் வைத்திருக்கும் கம்பெனிகளைப் பற்றி இந்த ஊரில் நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அவர் புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொல்லும் வாதத்துக்கு வயது இருநூறை நெருங்குகிறது. 1837-இல் நாசாவ் சீனியர் என்ற ஆங்கிலப் பொருளியலாளர், பஞ்சாலை முதலாளியின் நிகர லாபம் முழுவதும் வேலை நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வருகிறது, அதைக் குறைத்தால் ஆலைகள் அழியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1847-இல் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. லங்காஷயர் ஆலைகள் அழியவில்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் உலகத்துக்கே துணி விற்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தத் தொழில் இதோடு முடிந்தது என்று அன்றும் சொன்னார்கள். அன்று மிகச் சிறியதாக இருந்த ஏற்றுமதி இன்று ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடியைத் தாண்டி நிற்கிறது.

உண்மையில் திருப்பூரில் வேலை எப்போதெல்லாம் நின்றது? 2011 ஜனவரியில் நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது நின்றது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்து சனிக்கிழமைக் கூலிக்கு நோட்டு இல்லாமல் போனபோது நின்றது. 2022-இல் பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டு நூல் விலை எகிறியபோது நின்றது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் நின்றன. இந்த நான்கில் எதற்கும் இரட்டைக் கூலியோ நிரந்தரத் தகுதியோ காரணமில்லை. வெளியீடு முழுக்கத் தேடினேன்; இவற்றைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. வாஷிங்டனோடு வாதாட முடியாது. கைமடிப் பெண்ணோடு வாதாடுவது சுலபம்.

1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. இந்தச் சட்டத்துக்குப் பயந்து ஆள் எடுக்காமல் இருக்கும் பனியன் கம்பெனி ஒன்றையாவது அவர் காட்டட்டும். பீஸ் ரேட் கான்ட்ராக்டர் மூலமாக ஆள் வருகிறார்கள். பெயர் கம்பெனி மஸ்டரில் ஏறுவதில்லை. பெயரே ஏறாத இடத்தில் 480 நாளை யார் எண்ணுவது? பத்து வருடம் ஒரே மெஷினில் ஓவர்லாக் அடித்தும், அந்தக் கம்பெனியில் வேலை செய்ததற்கு ஒரு காகிதம்கூட இல்லாத பெண்களை இங்கே தெருவுக்கு ஒருவராகக் காட்ட முடியும். அவர்களுக்குப் பிஎஃப் இல்லை. காய்ச்சல் வந்தால் ஈஎஸ்ஐ இல்லை. பணிச்சான்று கேட்டால் மேஸ்திரி கையை விரிப்பார், அடுத்த கம்பெனியில் திரும்பவும் புதுக் கைமடியாகவே சேர வேண்டும். ஏழைத் தொழிலாளியின் முன்னேற்றத்துக்குத் தடை எது என்று தேடுகிறவர் இங்கே தேடியிருக்க வேண்டும்.

கொமரலிங்கத்தில் அமராவதி ஓடுகிறது. அணைக்கட்டு வருவதற்கு முன்பிருந்தே பாயும் பழைய ராஜவாய்க்கால்களில் ஒன்று எங்கள் ஊர் வாய்க்கால். நெல், கரும்பு, தென்னை எல்லாம் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர் இவ்வளவு பசுமையான ஊரில் வேலைக்கா பஞ்சம் என்பார். அறுப்புக்கு இயந்திரம் வந்தாயிற்று, நடவுக்கும் வந்துகொண்டிருக்கிறது. தென்னையில் பெண்களுக்கு இருப்பது மட்டை பொறுக்குவதும் தேங்காய் சுமப்பதும். மடத்துக்குளம் கிருஷ்ணாபுரத்தில் இருக்கும் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை தமிழகத்தின் முதல் கூட்டுறவு சர்க்கரை ஆலை. அதன் பழைய இயந்திரங்கள் பழுதாகி அரவை தடைப்பட்டபோது கரும்பு வெட்டும் கூலியும் குறைந்தது. வேறு வழி இல்லாமல்தான் பெண்கள் மில்லுக்கும் பனியனுக்கும் போகிறார்கள். திருப்பூர் எழுபது கிலோமீட்டருக்கு மேல். உடுமலையே பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய்வர ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? பஸ் வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரவு திரும்பி வரும்போது பயமில்லாத வழி வேண்டும்.

இலவசப் பேருந்துதான் மக்களைக் கெடுத்தது என்று எழுதியிருக்கிறாரே, அந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. 2021 மே 7 அன்று ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றதும் கையெழுத்திட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று, சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மாநிலத் திட்டக்குழு ஆய்வு நடத்தி, இதனால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இதற்காக ஒதுக்கிய தொகை 3,600 கோடி. சோம்பேறி எதற்குக் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறுகிறாள்? அந்தப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் தூக்குப்போசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கும் பெண்களை ஒருநாள் அவர் வந்து பார்க்கட்டும்.

எங்கள் கம்பெனி வேன் வீட்டு வாசலுக்கே வருகிறதே, பஸ் எதற்கு என்றும் கேட்கிறார். இலவசப் பேருந்தின் மேல் சில முதலாளிகளுக்கு இருக்கும் கசப்பு இந்தக் கேள்வியில்தான் வெளிப்படுகிறது. வேன் ஒரு கம்பெனிக்குத்தான் போகும். வேனில் போகிறவள் வேன் கிளம்பும்போதுதான் கிளம்ப முடியும். எட்டரைக்கு வேன் என்றால் எட்டரை வரை வேலை. ஆர்டர் அவசரம், வேன் பத்து மணிக்கு என்றால் பத்து மணி வரை. வேலையை விட்டால் வேனும் போச்சு. பஸ்ஸில் போகிறவள் பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டுக்கு இருபது ரூபாய் அதிகம் என்று கேள்விப்பட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்வாள். எங்கள் தெருவில் மில் வேலை பார்க்கும் ஓர் அம்மா இதை என்னிடம் இரண்டே வரியில் சொன்னார்: “வேன்ல போனா அவங்க நேரமுங்க தம்பி. பஸ்ல போனா நம்ம நேரமுங்க.” கூலி பேசுகிற பலம் அவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வும் எனக்குச் சொன்னதில்லை.

உள்ளூர்க்காரர்கள் வருவதில்லை, வடமாநிலத்தவர் வருகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எங்கள் பெண்கள் வாங்க வேண்டிய இரட்டைக் கூலி அவர்களுக்கும் வர வேண்டியதுதான். அவர்கள் கம்பெனி கொடுக்கும் அறையில், பத்துப் பேர் படுக்கும் இடத்தில் தங்குகிறார்கள். பிள்ளை ஊரில் இருக்கிறது. எந்த நேரம் கூப்பிட்டாலும் வரும் தூரத்தில் இருக்கிறார்கள். முதலாளிக்குப் பிடித்திருப்பது அந்தத் தூரம். உழைப்பில் எங்கள் பெண்கள் அவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. மாலை ஆறு மணிக்குப் பால்வாடிப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வருகிற தாயை உங்கள் ஒன்றரை ஷிப்ட் வெளியே தள்ளுகிறது. தள்ளிவிட்டு அவளைச் சோம்பேறி என்று அச்சடித்து விநியோகிக்கிறீர்கள். நூறு நாள் வேலையில் 2025-26-க்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அந்தக் கூலிக்கு வெயிலில் மண் வெட்டப் போகிறவள் உங்கள் கம்பெனிக்கு வரமாட்டேன் என்கிறாள் என்றால், குறையை உங்கள் கம்பெனியில் தேடுங்கள்.

குழந்தைக் காப்பகத்தைப் பற்றிச் சட்டம் பேசாமல் இல்லை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1976 திருத்தத்திலிருந்து சொல்லி வந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று 2017 மகப்பேறு உதவித் திருத்தம் சொன்னது. எத்தனை பனியன் கம்பெனிகளில் உண்மையான காப்பகம் இருக்கிறது? பையர் வரும் அன்று பொம்மையும் தொட்டிலும் வைத்த அறை, மறுநாள் கார்ட்டன் பெட்டி அடுக்கும் அறையாகிறது. ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில், மின்சாரத்தில் இயங்கும் தொழிற்சாலை என்பதற்கான வரம்பு பத்துப் பேரிலிருந்து இருபது பேராக உயர்ந்துவிட்டது. பதினைந்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்கள் நிறைந்த ஊரில் இது எத்தனை பெண்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளும் என்று வெளியீட்டாளருக்குத் தெரியும். அதை முன்மாதிரி என்று புகழ்ந்திருக்கிறார்.

கட்டுப்பாடு இல்லாத வேலை ஏழைப் பெண்ணுக்கு வரம் என்ற பேச்சை இந்தப் பகுதி ஒருமுறை நம்பிப் பார்த்துவிட்டது. சுமங்கலித் திட்டம் அப்படித்தான் வந்தது. மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். பயிற்சியாளர் என்று பெயர், அதனால் முழுக்கூலி கிடையாது. விடுதியை விட்டு வெளியே போகக் காவலாளியின் அனுமதி வேண்டும். மூன்று வருடம் முடியும் முன்பே உடம்பு கெட்டு வீடு திரும்பிய பிள்ளைகளுக்கு அந்த மொத்தப் பணம் கைக்கு வரவில்லை. வறுமையில் இருக்கும் குடும்பங்களுக்கு இது வாய்ப்பு என்று அன்று மேடைகளில் பேசினார்கள். 2014-இல் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை மாநில அரசு கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், கட்டுப்பாடு இல்லாத காலத்தில் விடுதிகள் எப்படி இருந்தன என்று யோசித்துக்கொள்ளலாம்.

இரவு வேலையிலும் இதே கதைதான். பெண்கள் இரவில் வேலை செய்யத் தடை விதித்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. கூடவே வாகன வசதி, பாதுகாப்பு, ஓய்வறை என்று நிபந்தனைகளையும் போட்டது. அந்தத் தீர்ப்பைச் சுதந்திரம் என்று மேற்கோள் காட்டும் வெளியீட்டாளர் நிபந்தனைகளை ஒரு வார்த்தையில்கூடக் குறிப்பிடவில்லை. பெண்ணுக்கு இரவு வேலை செய்யும் உரிமை உண்டு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட பெண் இருட்டில் தனியாக நடந்து வீட்டுக்கு வருவதற்கு யாரும் உரிமை என்று பெயர் சூட்ட வேண்டாம்.

மாநிலம் சட்டம் போட வேண்டும் என்பதில் அவரும் நானும் ஒத்துப்போகிறோம். 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டமாக்கிய அதே மன்றத்தால் இன்னும் செய்ய முடியும். கட்டணமில்லாப் பயணம் இன்றும் ஓர் அரசு உத்தரவுதான். அடுத்து வரும் அரசு ஒரே கையெழுத்தில் எடுத்துவிடலாம். அதைச் சட்டமாக்க வேண்டும். டவுன் பஸ்ஸோடு அது நின்றுவிடுகிறது, உடுமலையில் இறங்கித் திருப்பூர் பஸ் ஏறினால் பணம் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாவட்டத்துக்குள் புறநகர்ப் பேருந்துகளுக்கும் அதை விரிக்க வேண்டும். பீஸ் ரேட்டில் இருந்தாலும், கான்ட்ராக்டர் மூலம் வந்தாலும், பெயர் ஏறிய கூலிச்சீட்டு ஒவ்வொருவர் கைக்கும் வந்தாக வேண்டும். கொடுக்காத நிறுவனத்தில் அவர் சொல்லும் நாள்கணக்கை உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாகக் காப்பகம் வைக்க முடியாத சிறு யூனிட்கள் சேர்ந்து, பத்துக் கம்பெனிக்கு ஒன்று என்று வைக்கட்டும். செலவில் பங்கை அரசு ஏற்கட்டும்.

இதற்கெல்லாம் சட்டமன்றம் கூட வேண்டும், காலம் பிடிக்கும். ஒன்றுக்கு மட்டும் யாரும் கூட வேண்டியதில்லை. திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். 2021-இல் நான்கு ஆண்டுகளுக்கு 32 சதவீத உயர்வு என்று போட்டார்கள். அந்த மேசையில் வெளியீட்டாளர் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லட்டும்: ஒன்றரை ஷிப்டில் அந்த அரை ஷிப்டுக்கு இரட்டைக் கூலி, சட்டம் சொல்கிறபடி. தன் கம்பெனியில் அடுத்த சனிக்கிழமையே அதைக் கொடுத்துவிட்டு, கூலிச்சீட்டை வாசலில் ஒட்டட்டும். 12 மணி நேரத்தைப் பற்றி அவர் எழுதும் அடுத்த வெளியீட்டை அதற்குப் பிறகு படிக்கிறேன்.